கண்ணுக்கு எத்தனை படங்கள் போதும்?

மாத்தளை நகரை விட்டு இரத்தோட்டை வழியாக இலுக்கும்புர நோக்கி ஏறும் பாதையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் சென்றால் ரிவர்ஸ்டன் என்னும் மலைப்பகுதியை அடைகிறோம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஓர் அங்கம் அது. மேற்குப் புறத்தில் ஈரமும் மூடுபனியும்; கிழக்கே இறங்கினால் உலர்ந்த காற்றும் பிட்டவல பத்தனைப் புல்வெளியும். உச்சியிலே தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று ஓயாத காற்றைத் தாங்கி நிற்கிறது. அங்கே சென்று மீண்டவர்கள் மலையையும் அருவியையும் பற்றியே பேசுவார்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ, அம்மலையடிவாரத்து வீடுகளிலும் நாட்டின் பிற ஊர்களிலும் எழுந்திருக்கும் ஒரு சிறு வினா. சிறு வினாதான், ஆயினும் ஒரு குடும்பத்தின் சேமிப்பைத் தொடுகின்ற வினா.

கணினியில் விளையாடும் மகன் கேட்கிறான்: "இந்தப் பழைய திரை செக்கனுக்கு 60 படங்களைத்தான் காட்டுகிறது. 144 படங்களைக் காட்டும் திரை வந்திருக்கிறது. அதில் எல்லாம் வழுவழுப்பாக ஓடுகிறது. மாற்றுவோமா, அப்பா?" தந்தை சொல்கிறார்: "படம் தெரிகிறது, அசைகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? மனிதக் கண்ணுக்கு 24 படங்களே போதுமாம். மற்றதெல்லாம் கடைக்காரன் கதை." இவ்விருவரில் யார் சொல்வது சரி? இதுவே இன்றைய ஆராய்ச்சி.

இக்கேள்வியை விளையாட்டுப் பிள்ளையின் கேள்வி என்று தள்ளிவிடுவதற்கில்லை. கணினி விளையாட்டு 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. 2023இல் ஹாங்சோ விழாவில் பதக்கத்துக்குரிய போட்டியாகவே நடந்தது. மறுபுறம், தந்தையின் தயக்கத்தையும் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. 2022ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் அமெரிக்க டொலர் ஒன்றின் விலை சுமார் 200 ரூபாயிலிருந்து சுமார் 360 ரூபாய்க்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. கணினித் திரை இங்கே செய்யப்படுவதன்று, வெளியிலிருந்து வருவது. வெளிநாட்டில் அதன் விலை ஒரு காசும் ஏறாதிருந்தாலும், நம் கடையில் அது ஏறத்தாழ இரு மடங்கை நெருங்கியது. அப்படி வாங்கும் பொருளுக்குத் தக்க பயன் உண்டா என்று கேட்பது இல்லறம் நடத்துவோரின் கடமையன்றோ?

முதலில் "24 படங்களே போதும்" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். இது எங்கிருந்து வந்தது?

அசையாத படங்களை விரைவாக அடுத்தடுத்துக் காட்டினால் அசைவு தோன்றும் என்பதை 1832இல் பெல்ஜிய நாட்டு அறிஞர் பிளாட்டோ ஒரு சுழலும் தட்டின் மூலம் காட்டினார். 1895இல் பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர்கள் மக்களுக்குக் காட்டிய சலனப்படம் செக்கனுக்குச் சுமார் 16 படங்கள் ஓடியது. பேசும் படம் வந்தபோது, 1920களின் இறுதியில், 24 என்ற எண் நிலைபெற்றது. அந்த எண் கண்ணின் எல்லையை அளந்து வைத்ததன்று. படச்சுருளின் ஓரத்தில் பதியும் ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும். படச்சுருளின் செலவும் மிகக்கூடாது. இவ்விரண்டுக்கும் இடையே எட்டிய உடன்பாடே 24.

அன்றியும், திரையரங்கில் செக்கனுக்கு 24 படங்கள் மட்டும் மின்னினால் கண் தாங்காது. ஆகவே படமெறியும் பொறியில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை, சில பொறிகளில் மூன்று முறை, ஒளியை மறைத்து மறைத்துக் காட்டினார்கள். படங்கள் 24, ஒளித் துடிப்புகளோ 48 அல்லது 72. நம் நாட்டில் 1979இல் தொலைக்காட்சி தொடங்கி, 1982இல் ரூபவாஹினி வந்தபோது நாம் கைக்கொண்ட முறையும் இத்தகையதே. செக்கனுக்கு 25 முழுப்படங்கள். ஒவ்வொன்றையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டாகப் பிரித்து, 50 அரைப்படங்களாகக் காட்டினர். நம் மின்சாரமும் செக்கனுக்கு 50 முறை துடிப்பது என்பது இத்தேர்வுக்கு ஒரு காரணம். 24 படமாக எடுத்த திரைப்படத்தை 25 ஆக ஓட்டுவது இம்முறையில் வழக்கமாதலால், திரையரங்கில் 150 நிமிடம் ஓடும் படம் தொலைக்காட்சியில் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். பார்த்தவர்களில் எத்தனை பேர் ஆறு நிமிடம் குறைந்ததை உணர்ந்தார்கள்? கண்ணும் காதும் சிலவற்றை மிக எளிதில் பொறுத்துக்கொள்கின்றன. வேறு சிலவற்றைப் பொறுப்பதேயில்லை. எதைப் பொறுக்கும், எதைப் பொறுக்காது என்பதை அறிவதே நம் வினாவுக்கு விடை காணும் வழி.

உண்மையில், "கண்ணுக்கு எத்தனை படங்கள் போதும்?" என்பது ஒரு கேள்வியன்று, மூன்று கேள்விகள். மூன்றுக்கும் மூன்று விடைகள் உண்டு.

முதலாவது: அசைவு தோன்ற எத்தனை படங்கள் வேண்டும்? இதற்குப் பத்துப் பன்னிரண்டு படங்களே ஏறக்குறைய போதும். அசைவு என்பது கண்ணில் மட்டும் நிகழ்வதன்று. மூளை சேர்த்துக் கட்டும் உணர்வு அது. 1834இல் ரொபேட் அடம்ஸ் என்பவர் ஸ்கொட்லாந்திலே ஓர் அருவியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பாறையை நோக்கினார். அசையாத பாறை மேலே ஏறுவதுபோல் தோன்றியது. ரிவர்ஸ்டன் பாதையில் மேலும் சென்று சேர எல்ல அருவியைக் காண்போர் எவரும் இதைத் தாமே செய்து பார்க்கலாம். நீர் விழும் இடத்தில் அரை நிமிடம் கண்ணை நிலைநிறுத்துங்கள். பின்பு அருகிலுள்ள பாறையைப் பாருங்கள். பாறை இடம்பெயராமலே மேலே ஏறும்! அசைவை உணர மூளையில் தனியே ஓர் ஏற்பாடு உண்டு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

இரண்டாவது: ஒளி துடிப்பது தெரியாமலிருக்க எத்தனை துடிப்புகள் வேண்டும்? இதற்கு ஐம்பது, அறுபது வேண்டும். ஒளி மிகுந்தால் இன்னும் கூட வேண்டும். நேரே பார்ப்பதைவிடக் கடைக்கண்ணால் பார்க்கும்போது துடிப்பு அதிகமாகத் தெரியும் என்பதும் அறிந்த செய்தி. ஆனால் இன்றைய தட்டைத் திரைகளில் பின்னொளி தொடர்ந்து எரிந்துகொண்டிருப்பதால் இந்தத் துன்பம் பெரும்பாலும் இல்லை.

மூன்றாவது கேள்வியே நம் மகனுடைய கேள்வி: ஓடுகின்ற ஒரு பொருளைக் கண்ணால் தொடரும்போது அது தெளிவாகத் தெரிய எத்தனை படங்கள் வேண்டும்? இதற்கு 24 போதாது, 60ம் போதாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

மறுபடியும் அருவிக்கே வாருங்கள். ஓரிடத்தில் பார்வையை நிறுத்தினால் விழும் நீர் வெண்துகில்போல் கலங்கித் தெரியும். ஆனால் மேலே ஒரு நீர்த்திரளைக் கண்ணால் பற்றி, அதனுடனே பார்வையையும் கீழே இறக்கினால், ஒரு கணம் அது தனித்தனி முத்துகளாகத் தெரியும். பேருந்தில் போகும்போதும் இப்படியே. வெளியே வெறுமனே நோக்கினால் பாதையோரத்துப் புல் பச்சைக் கோடாக இழுபடும். ஒரு செடியைக் குறித்துக்கொண்டு கண் அதனோடு நகர்ந்தால், அச்செடியின் இலைகூடத் தெரியும். இயற்கை இடைவிடாமல் நகர்கிறது. கண்ணும் இடைவிடாமல் தொடர்கிறது. ஆகவே தெளிவு பிறக்கிறது.

கணினித் திரையில் நடப்பது வேறு. திரையில் ஓடும் மோட்டார் வண்டியைக் கண் தொடர்கிறது. ஆனால் வண்டியோ ஓடவில்லை. ஓரிடத்தில் நிற்கிறது; அடுத்த படத்தில் வேறோரிடத்தில் நிற்கிறது. 60 படத் திரையில் ஒவ்வொரு படமும் 16.7 மில்லிசெக்கன் அசையாது நிற்கிறது. படம் நிற்கும் அந்த நேரத்திலும் கண் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நிற்கும் படத்தின்மேல் நகரும் கண் போனால், அப்படம் விழித்திரையிலே இழுபட்டுக் கலங்கும். பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியில் ஒவ்வொரு புள்ளியும் மின்னி உடனே அணைந்ததால் இக்கலக்கம் குறைவாக இருந்தது. இன்றைய தட்டைத் திரை படத்தைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது. கலக்கமும் அதனாலேயே வருகிறது.

எவ்வளவு கலங்கும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். வழக்கமான திரையொன்று குறுக்கே 1920 புள்ளிகள் கொண்டது. ஒரு பொருள் ஒரு செக்கனில் அத்திரையை இடமிருந்து வலமாகக் கடக்கிறது என்று கொள்வோம். 60 படத் திரையில் அது ஒவ்வொரு படத்துக்கும் 32 புள்ளிகள் தாவும். கலக்கத்தின் அகலமும் ஏறத்தாழ அதுவே. 144 படத் திரையில் தாவல் 13 புள்ளிகள். 240இல் 8 புள்ளிகள். 360இல் 5 புள்ளிகளும் சிறிதும்.

நேயர்களே, இந்த நான்கு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 32, 13, 8, 5. முதற்படியில் நாம் 19 புள்ளிக் கலக்கத்தை நீக்கிவிடுகிறோம். இரண்டாம் படியில் நீங்குவது ஐந்தே. மூன்றாம் படியில் மூன்றுகூட இல்லை. விலையோ படிக்குப் படி ஏறுகிறது. பயனோ படிக்குப் படி குறைகிறது. வறண்ட நிலத்துக்கு முதல் மழை பயிரைத் தரும். பத்தாம் மழை சேற்றைத்தான் தரும். "24 போதும்" என்ற தந்தையின் பேச்சு பிழை. "எண் ஏற ஏறச் சிறப்பு" என்ற கடைத்தெருப் பேச்சும் அதே அளவு பிழை.

வீட்டிலேயே இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கணினியின் சுட்டியைத் திரையில் வேகமாக வட்டமிடச் செய்யுங்கள். ஓர் அம்புக்குறி வழுக்கிச் செல்வதற்கு மாறாக, பல அம்புக்குறிகள் இடைவெளி விட்டு நிற்பதுபோல் தெரியும். அந்த இடைவெளிகளே நாம் பேசும் தாவல்கள். 144 படத் திரையில் அம்புக்குறிகள் நெருங்கும், இடைவெளி சுருங்கும். 60க்கும் 144க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலோர் இதிலே எளிதில் காண்பர்.

அடுத்து, வேகத்தைப் பற்றிய வாதம். "புதுத் திரை இருந்தால் நான் எதிரியை முந்திச் சுடுவேன்" என்பான் மகன். இதிலே எவ்வளவு உண்மை? 60 படத் திரையில் அடுத்த படத்துக்குக் காத்திருக்கும் நேரம் அதிகபட்சம் 16.7 மில்லிசெக்கன், 144 படத் திரையில் 6.9. வேறுபாடு ஏறத்தாழ 10 மில்லிசெக்கன். சராசரியாகப் பார்த்தால் அதிற் பாதி. ஒரு காட்சியைக் கண்டு மனிதக் கை இயங்குவதற்குச் சுமார் 200 மில்லிசெக்கன் ஆகும். ஆகவே மெலிந்த கையை இத்திரை வலிய கையாக்காது. சமவலிமையுள்ள இருவர் மோதும்போது மட்டும் தராசுத் தட்டைச் சிறிது சாய்க்கும். போட்டிக்குச் செல்பவனுக்கு அது பொருட்டு. கதையோடு கூடிய விளையாட்டை ஆற அமர ஆடுபவனுக்கு அது பொருட்டேயன்று.

இங்கே ரிவர்ஸ்டன் உச்சிக் கோபுரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்று போட்டி விளையாட்டு என்பது பெரும்பாலும் இணையத்தின் வழியே, தொலைவிலுள்ள ஒரு சேவைக் கணினியோடு ஆடுவது. நம் நாட்டவர் ஆடும் விளையாட்டுகள் பலவற்றின் சேவைக் கணினிகள் சிங்கப்பூரில் இருக்கின்றன. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். போய்வர 27 மில்லிசெக்கன் இயற்கையே விதித்த வரி. கடலடி வடத்தின் வளைவுகளும் இடைப்பட்ட கருவிகளும் அதன்மேல் தத்தம் வரியைச் சேர்க்கின்றன. இனி, வீடு மலைச்சரிவின் மறுபுறத்தில் இருந்தால் என்ன ஆகும்? கோபுரம் எவ்வளவு உயரத்தில் நின்றாலும், இடையிலே ஒரு குன்று குறுக்கிட்டால் வானலை மெலியும். மெலிந்த இணைப்பிலே செய்தி சில வேளை 50 மில்லிசெக்கனிலும், சில வேளை 300 மில்லிசெக்கனிலும் வந்துசேரும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு முன்னே திரை மிச்சப்படுத்தும் பத்து மில்லிசெக்கன் காற்றிற் கரைந்த மூடுபனியே. அத்தகைய வீட்டில் முதற்செலவு இணைப்புக்கு ஆக வேண்டும். கூரையிலே ஏற்ற திசையில் ஓர் அலைவாங்கியைப் பொருத்துவதும், அறைக்குள் வானலைக்குப் பதில் கம்பி வழியே இணைப்பைக் கொண்டுவருவதும், புதுத் திரை தராத பயனைத் தந்துவிடலாம்.

இணைப்புக்கு அடுத்தபடி கணினி. "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பது நம் முதுமொழி. திரை என்பது அகப்பை. கணினியின் வரைகலை அட்டைதான் சட்டி. கடைக்காரர்கள் அதனைக் கிராபிக்ஸ் காட் என்பார்கள். படத்தை ஆக்குவது அதுவே. திரை எடுத்துக் காட்டுவது மட்டுமே செய்யும். செக்கனுக்கு 50 படங்களை ஆக்கும் கணினிக்கு 144 படத் திரையை வாங்கிக் கொடுத்தால், திரை ஒரே படத்தை இரண்டு மூன்று முறை காட்டிக்கொண்டிருக்கும், வழுவழுப்பு வராது. ஆகவே வாங்குமுன் அறிய வேண்டியது திரையின் எண்ணை அன்று. நம் கணினியின் எண்ணை. நாம் ஆடும் விளையாட்டில், நாம் வைத்திருக்கும் அமைப்பில், செக்கனுக்கு எத்தனை படங்கள் உண்டாகின்றன என்பதை விளையாட்டுகளே திரையின் மூலையில் எழுதிக் காட்டும் வசதி பெரும்பாலும் உண்டு. அந்த எண் நெருக்கடியான கட்டத்திலும் நூறுக்குக் கீழே இறங்காதிருந்தால் புதுத் திரைக்கு வேலை இருக்கிறது. அது அறுபதைச் சுற்றியே அலைந்தால், முதலில் விளையாட்டின் அலங்காரங்களைக் குறைத்துப் பாருங்கள். நிழலையும் புகையையும் தூரத்து மரங்களையும் குறைத்தால் எண் ஏறும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கணினி ஆக்கும் வேகமும் திரை காட்டும் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு குறையும் தோன்றும். ஒரு படத்தைப் பாதி காட்டிக்கொண்டிருக்கையில் அடுத்த படம் வந்துவிட்டால், மேற்பாதி பழையதாகவும் கீழ்ப்பாதி புதியதாகவும் காட்சி கிழிந்து தெரியும். இதனைத் தீர்க்கவே, கணினி படம் தரும்போது தானும் படத்தை மாற்றும் இணங்கு திரைகள் வந்தன. என்விடியா நிறுவனம் 2013இல் இம்முறையை அறிவித்தது, ஏ.எம்.டி. நிறுவனத்தின் முறை 2015இல் சந்தைக்கு வந்தது. நடுத்தரக் கணினி வைத்திருப்போருக்கு, பெரிய எண்ணைவிட இந்த இணக்கமே மிகுந்த ஆறுதல் தரக்கூடியது. வாங்கும்போது இதனைக் கேட்டு வாங்குதல் நலம்.

பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படும் "ஒரு மில்லிசெக்கன்" என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரு புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரத்தை, உற்பத்தியாளர் தமக்கு மிகச் சாதகமான நிலையில் அளந்து இடும் எண் அது. கருமையிலிருந்து இன்னொரு கருமைக்கு மாறும்போது சில வகைத் திரைகள் மிகவும் தாமதிக்கும். இருட்டுக் காட்சியில் பொருள்களுக்குப் பின்னே நிழல் இழுபடுமாயின், 144 என்ற எண்ணால் பெற்ற தெளிவை அந்தத் தாமதம் திரும்பப் பறித்துக்கொள்ளும்.

வாங்கிய பின்னரும் ஏமாற இடமுண்டு. 144 படத் திரையை வாங்கி வைத்து, அது 60இலேயே ஓடிக்கொண்டிருப்பதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துவோர் உள்ளனர். கணினியின் காட்சி அமைப்பிலே சென்று எண்ணை மாற்ற வேண்டும். ஏற்ற வடத்தையும் இணைக்க வேண்டும். பழைய எச்.டி.எம்.ஐ. வாயில் இவ்வளவு படங்களைத் தாங்காது போகலாம். டிஸ்பிளே போர்ட் இருந்தால் அதனைப் பயன்படுத்துவது நன்று. இடி மின்னல் மிகுந்த மலைப்பிரதேசத்தில், மின்னழுத்தம் திடீரென உயர்ந்தால் காக்கும் கருவிக்கும் வரவுசெலவில் இடம் ஒதுக்க வேண்டும். மின்னல் வேளையில் வடத்தைக் கழற்றி வைக்கும் பழக்கம் அதனினும் நல்லது.

வழுவழுப்பு எங்கும் அழகு தருமோ என்ற கேள்வியும் எழும். 2012இல் பீட்டர் ஜக்சன் தமது ஹொபிட் திரைப்படத்தைச் செக்கனுக்கு 48 படங்களாக எடுத்து வெளியிட்டார். தெளிவு இரட்டித்தது; ஆனால் பலர் அதை விரும்பவில்லை. அரங்க அமைப்பும் ஒப்பனையும் வெளிப்படையாகத் தெரிகின்றன, தொலைக்காட்சி நாடகம் போலிருக்கிறது என்று குறைபட்டார்கள். சினிமாவிலே நாம் பார்வையாளர். 24 படங்களின் சிறு கலக்கம் கனவின் இயல்பைத் தருகிறது. தலைமுறை தலைமுறையாக அதற்கு நாம் பழகிவிட்டோம். கணினி விளையாட்டிலோ நம் கை அசைக்க, திரை அசைகிறது. கை அசைந்த கணத்திலேயே காட்சியும் அசைய வேண்டும் என்று உள்ளம் எதிர்பார்க்கிறது. வழுவழுப்பின் தேவை கண்ணால் மட்டும் வருவதன்று, கையாலும் வருவது. ஆகவே படம் பார்ப்பதற்கும் பாடம் படிப்பதற்கும் கடிதம் எழுதுவதற்கும் இத்திரை அவசியமில்லை. எழுத்துக்களை மேலும் கீழும் நகர்த்தும்போது சற்று இதமாக இருக்கும், அவ்வளவே.

இனி, தந்தையும் மகனும் ஒரு முடிவுக்கு வருவது எவ்வாறு? நான் ஒரு சோதனையைச் சொல்கிறேன். நண்பர் வீட்டிலோ கடையிலோ 144 படத் திரை இருக்கிறது என்று கொள்வோம். மகன் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். தந்தை ஒரு நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் திரையை 144இலும், பூ விழுந்தால் 60இலும் அமைக்கட்டும். எண்ணைப் பாராமல் மகன் ஒரு நிமிடம் ஆடிவிட்டு, எது என்று சொல்லட்டும். இப்படிப் பத்து முறை. வெறும் ஊகத்தால் சொல்பவன் சராசரியாக ஐந்து முறை சரியாகச் சொல்வான்; ஒன்பது முறையோ அதற்கு மேலோ சரியாகச் சொல்வது ஊகத்தால் நூற்றில் ஒரு தடவைதான் கைகூடும். மகன் ஒன்பது முறை சரியாகச் சொன்னால், அவன் காண்பது மெய். தந்தை அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து ஆறு முறையே சொன்னால், அவன் விரும்புவது திரையையன்று, திரையின் பெயரை; மகன் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே சோதனையை 144க்கும் 240க்கும் இடையே செய்து பார்த்தால், முன்பு துணிந்து சொன்ன நா தடுமாறுவதையும் பலர் காண்பார்கள். பணப்பை திறக்குமுன் கண்ணைத் திறக்கும் சோதனை இது.

இந்த இடத்தில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். தூரத்து எழுத்து மங்கலாகத் தெரியும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது கண் பரிசோதனை. கண்ணாடி அணிய வேண்டியவன் அணியாமல் எந்தத் திரையைப் பார்த்தாலும் கலக்கம் கலக்கமே. அக்கலக்கத்தை எந்த எண்ணும் தீர்க்காது.

ஆகவே நம் முடிவைச் சுருங்கக் கூறுவோம். இப்போதுள்ள திரை 60, கணினி செக்கனுக்கு நூறு படங்களுக்கு மேல் எளிதில் ஆக்குகிறது, ஆடுவது விரைவான விளையாட்டு, இணைப்பும் சீரானது. இவை நான்கும் பொருந்துமாயின் 120 அல்லது 144 படத் திரைக்கு மாறுவது தக்க செலவே. அந்த ஒரு படியில் கண் பெறும் பயன் கணக்காலும் மெய்ப்படுகிறது, அனுபவத்தாலும் மெய்ப்படுகிறது. நான்கில் ஒன்று குறைந்தாலும், குறைந்ததை முதலில் நிறைவு செய்யுங்கள். ஏற்கெனவே 144 உள்ளவர் 240க்குப் போவது, போட்டியையே தம் துறையாகக் கொண்டவருக்கு அன்றி மற்றவர்க்கு வேண்டாத செலவு. இனி, எந்த அவசரமும் இல்லாதவர் பழைய திரை பழுதாகும் வரை பொறுத்திருக்கலாம். இப்பொழுது சாதாரணத் திரைகளே பல 75, 100 படங்களைக் காட்டுவனவாய் வருகின்றன. நேற்று ஆடம்பரமாயிருந்தது நாளை இயல்பாகிவிடும். பொறுத்தவருக்கு அது குறைந்த விலையில் கிட்டும்.

கண்ணுக்கு எத்தனை படங்கள் போதும் என்று கேட்டோம். அசைவுக்குப் பத்துப் பன்னிரண்டு போதும்; துடிப்பு மறைய ஐம்பது அறுபது வேண்டும்; ஓடும் பொருளின் தெளிவுக்கு நூற்றுக்கு மேலும் வேண்டும். ஆனால் வீட்டுக்கு எது போதும் என்பதை இந்த எண்களில் எதுவும் சொல்லாது. அதைத் தந்தையும் மகனும் ஒரு திரையின் முன்னே சேர்ந்தமர்ந்து, நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, தாமே கண்டறிய வேண்டும்.